ரஹீம் சாகிபும் எங்கள் டிரில் மாஸ்டரும்

போன மாதம் சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். வந்தவன் சும்மா இராமல் டிவியில் எதையோ இணைத்து 'மைதான்' என்ற இந்திப் படத்தைப் போட்டுக் காட்டினான். அஜய் தேவ்கன் நடித்தது, 2024-இல் வந்தது. கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் கதை.

"ஐயா, இப்படி ஒருத்தர் இருந்தது யாருக்குமே தெரியாதாம்" என்றான்.

"எனக்குத் தெரியுமேடா. 1962-லயே தெரியும்" என்றேன்.

அவன் நம்பவில்லை. காரைக்குடியில் வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, பேங்கில் பேரேடு புரட்டி ஓய்வு பெற்ற கிழவனுக்கு ஹைதராபாத் கால்பந்துக் கோச்சை எப்படித் தெரியும்? அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். இடையில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

1962-இல் எனக்கு வயது 13. எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பட்டாளத்திலிருந்து வந்தவர். நீலகிரியில் வெலிங்டன் இருக்கிறதே, அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அந்த ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-இலும் 1958-இலும் டெல்லியில் டியூராண்ட் கோப்பையை வென்றது. எங்கள் சார் அந்த அணியில் ஆடியவர் அல்லர். அணியோடு டெல்லிக்குப் போய் மூட்டை முடிச்சுகளையும் பூட்ஸ்களையும் பார்த்துக்கொண்ட சிப்பாய். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த ஆட்டங்கள் ஒவ்வொன்றும் அவர் மனசில் படம் படமாக இருந்தன. ஹைதராபாத் போலீஸ் அணி ஆடியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்.

1962 செப்டம்பர் 5, புதன்கிழமை. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதி ஆன வருஷம் அது; ஆசிரியர் தினம் என்று நாடு முதன்முதலாகக் கொண்டாடிய நாள். தலைமை ஆசிரியர் பேசி முடித்ததும் டிரில் மாஸ்டர் கையில் பேப்பரோடு மேடை ஏறினார். முதல் நாள் சாயங்காலம் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, "இந்த டீமைத் தயார் பண்ணினவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்!" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. முன்வரிசையில் நாலு பேர் சிரித்ததும், அவர்களுக்கு மாலையில் மைதானத்தை ஐந்து சுற்று ஓடும் தண்டனை கிடைத்ததும் நினைவிருக்கிறது. நாலு பேரில் நானும் ஒருவன்.

அன்று கேட்ட பெயர்தான் ரஹீம் சாகிப். பிற்பாடு பேங்க் வேலையில் செகந்திராபாத்துக்கு மாற்றலாகி மூன்று வருஷம் இருந்தேன். அங்கே எங்கள் கிளையின் பழைய ஆட்களிடமும் இரானி டீக்கடைகளிலும் அவரைப் பற்றி நிறையக் கேட்டேன். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

வாத்தியார் கோச் ஆன கதை

சையத் அப்துல் ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார், அதன் அணியில் ஆடினார். பிறகு ஊரில் பெயர் பெற்ற கமர் கிளப்புக்கும் ஆடினார். படிப்பு முடிந்ததும் வாத்தியார் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் டிப்ளமோ வாங்கினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஆட்டக்காரராக அல்ல, ஆட்டக்காரர்களை உண்டாக்கியவராக.

அந்தக் காலத்து ஹைதராபாத்தில் எஸ்.எம். ஹாதி என்று ஒரு பெரியவர் இருந்தார். டென்னிஸ், கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி என்று எதையும் விடாமல் ஆடியதால் 'ரெயின்போ ஹாதி' என்று பட்டப்பெயர். ரஞ்சிக் கோப்பையில் முதன்முதல் சதம் அடித்தவர் அவரே. அதுவும் நம் மெட்ராஸ் அணிக்கு எதிராக! அப்படிப்பட்டவர்கள் தூக்கி நிறுத்திய கால்பந்துச் சங்கத்துக்கு 1943-இல் ரஹீம் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

செயலாளர் என்றால் ரசீது போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை என்று அவர் நினைக்கவில்லை. பள்ளிக்கூடங்களிலும் தெருக்களிலும் பந்தை உதைக்கும் பையன்களைத் தேடிப் போனார். அவர்களுக்காகப் புதுப்புதுப் போட்டிகளை ஏற்படுத்தினார். ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்து உருட்டிக்கொண்டு போகக் கூடாது. வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் வழக்கமான காலால் உதைக்கக் கூடாது; வலதுகால்காரன் இடது காலால்தான் ஆட வேண்டும். கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் தனி ஆட்டம் காட்டிக் கைதட்டு வாங்கும் சூரன்கள் இருந்த காலம் அது. பந்தைக் கொடுத்து வாங்கி ஆடும் புத்தியை, கூட்டாகச் சேர்ந்து ஜெயிக்கும் பழக்கத்தை, பத்து வயசிலேயே பையன்களின் காலில் ஏற்றிவிட்டார் அந்த வாத்தியார்.

எங்கள் டிரில் மாஸ்டரும் வாரத்தில் ஒரு நாள் 'இடது கால் ஆட்டம்' வைப்பார். வலது காலால் உதைத்தால் எதிர் அணிக்குப் பந்து. நாங்கள் தடுமாறி விழுவோம். "ஏன்டா, இடது கால் என்ன மாமியார் வீட்டுக் காலா? அதுவும் உன் கால்தானேடா!" என்று கத்துவார். இது ஹைதராபாத்துச் சரக்கு என்று எனக்குச் செகந்திராபாத் போன பிறகுதான் தெரிந்தது. டெல்லியில் கோட்டுக்கு வெளியே நின்ற சிப்பாய் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து காரைக்குடிப் பொட்டலில் விதைத்திருக்கிறார்.

1950-இல் ரஹீம் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த நாள் அது. அந்த வருஷமே டியூராண்ட் இறுதியில் மோகன் பகானைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது போலீஸ் அணி. பம்பாயில் அப்போது நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து வருஷம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தெருவில் பந்தாடிய ஏழைப் பையனுக்குப் போலீஸ் அணியில் இடம் என்றால் அது மாதச் சம்பளம், குடும்பத்துக்குச் சோறு. நான் பேசிய பெரியவர்கள் அவர் வாங்கிய கோப்பைகளைவிட இதைத்தான் அதிகம் சொன்னார்கள்.

வெறுங்காலும் பூட்ஸும்

1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. ரஹீம் பயிற்சியில் இந்தியா இறுதியில் ஈரானை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் மேவாலால், கேப்டன் சைலேன் மன்னா. நேரு உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்த வருஷமே மண்டையில் அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம்மவர்களில் பெரும்பாலோர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஹங்கேரி ஆடிய விதம் உலகத்தையே யோசிக்க வைத்தது. நடுவில் நிற்கும் முன்கள ஆட்டக்காரன் பின்னால் இறங்கி வருவான். அவனைப் பிடிக்க எதிரி முன்னால் வந்தால் பின்னால் இடம் காலியாகும். ரஹீம் அதை உள்வாங்கி நம் பையன்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். அப்போது வீடியோ உண்டா, கம்ப்யூட்டர் உண்டா? கரும்பலகையும் சாக்பீஸும்தான். வாத்தியாருக்கு அது போதும்.

பலன் 1956-இல் மெல்போர்னில் தெரிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசூசா மூன்று கோல். நாலாவது கோல் 'கிட்டு' என்ற கிருஷ்ணசாமி போட்டது. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நாலாம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

செகந்திராபாத்தின் இரண்டு தமிழ்ப் பையன்கள்

இங்கே நம்மவர் கதை வருகிறது. செகந்திராபாத் பிரிட்டிஷ் பட்டாளம் உண்டாக்கிய ஊர். மெட்ராஸ் பட்டாளத்தோடு போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். திருமலகிரி, பொல்லாரம், லாலாகுடா பக்கம் போனால் இன்றும் தமிழ் கேட்கும். நான் குடியிருந்த தெருவிலேயே ஆடிக்கூழ் ஊற்றினார்கள்.

அந்தப் பக்கத்தில் அம்முகுடா என்ற சிற்றூரில் 1936-இல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். தாய் தகப்பன் தமிழர்கள். வறுமையான வீடு. பூட்ஸ் வாங்க வழியில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடியவர். ரஹீம் ஒரு நாள் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் தினமும் வந்துபோகக் காசில்லை என்று சொன்னான் பையன். ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிள் வாடகைக்குத் தம் கையிலிருந்து காசு கொடுத்தார்.

அந்த வாடகைச் சைக்கிளில் வந்த பையன் இருபது வயதில் மெல்போர்ன் போனான். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான். ஈஸ்ட் பெங்காலுக்குக் கேப்டன் ஆனான். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பேரையும் சேர்த்தே சொல்வார்கள். நோய் வந்து 27 வயதுக்குள் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார். நம் தமிழ்ப் பேப்பர்கள் எத்தனை வரி எழுதின என்று எனக்கு நினைவில்லை. எழுதியிருந்தாலும் ஓரத்தில்தான் எழுதியிருக்கும்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டனில் ஆடினார். எங்கள் டிரில் மாஸ்டர் சுமந்த பூட்ஸ்களில் இவருடையதும் ஒன்று. முதலில் கோல் போடும் இடத்தில் ஆடியவர், பிறகு கோல் காக்கும் இடத்துக்கு மாறினார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். "அவர் கையை நீட்டினா கோல் போஸ்ட்டே சின்னதாத் தெரியும்" என்பார் சார். மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் இருந்தார். 1967-இல் அர்ஜுனா விருது.

ஜகார்த்தா

இந்தப் பின்னணியோடு 1962 இறுதிப் போட்டியைப் பாருங்கள். ரஹீமுக்கு அப்போதே நுரையீரலில் புற்றுநோய். ஓயாமல் சிகரெட் பிடித்தவர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தால் எதிரே மறுபடியும் அதே தென் கொரியா.

ஊர் நிலவரமோ வேறு. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்கு இந்தோனேசியா விடவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த நம் ஜி.டி. சோந்தி, அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்றார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. இறுதிப் போட்டி அன்று சுமார் ஒரு லட்சம் பேர் அரங்கத்தில். இந்தியாவின் பெயரைக் கேட்டாலே கூச்சல். நமக்குக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள் என்பார்கள்.

ரஹீம் அன்று செய்த இரண்டு காரியங்களை எங்கள் சார் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். அவரை முன்களத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். காய்ச்சலில் ஓய்ந்திருந்த தங்கராஜைக் கோல் காக்க இறக்கினார். 17-ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிஷம் கழித்து அதே ஜர்னைல் சிங் இன்னொரு கோல், தையல் போட்ட தலையோடு. கடைசி ஐந்து நிமிஷத்தில் கொரியா ஒன்று திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை.

மறு வருஷம் 1963 ஜூன் 11-இல் ரஹீம் காலமானார். வயது 53. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு 1970-இல் ஒரு வெண்கலம் கிடைத்தது. அவ்வளவுதான். அந்தத் தங்கம் இன்றுவரை திரும்ப வரவில்லை.

அவர் மகன் ஹக்கீமும் நல்ல ஆட்டக்காரர், விமானப்படை அதிகாரி. ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். அப்பா பயிற்சியாளர், மகன் அணியில். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட மகன் களம் இறங்கவில்லை. பிறகு ஹக்கீம் சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் பேர் வாங்கி, 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021-இல் மறைந்தார். தகப்பனாருக்கு ஒரு பத்ம விருதும் இல்லை. இதையெல்லாம் நினைத்தால் வருத்தம்தான்.

தங்கராஜ் ஆட்டத்தை விட்ட பிறகு தம் குருவின் வழியிலேயே பயிற்சியாளர் ஆனார். கடைசியில் பொகாரோ உருக்காலை ஊரில் தங்கி, அங்கிருந்த பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். 2008 நவம்பரில் அங்கேயே காலமானார். ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர், உருக்காலைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பந்தை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இது ஒலிம்பிக்குக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி என் கதை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் பொது அறிவு ஆகிவிடும்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் கால்பந்து முடிந்தது. அப்பச்சி பர்மாவில் கொண்டுவிற்றுத் திரும்பியவர். "பந்தை உதைச்சா வட்டி வருமா?" என்று ஒரே கேள்வி. அதற்கு மேல் நம் வீடுகளில் பேச்சு ஏது? படித்தேன், பேங்கில் சேர்ந்தேன், ஊர் ஊராகச் சுற்றினேன். செகந்திராபாத் முடிந்து 1984-இல் சொந்த ஊர்க் கிளைக்கே அதிகாரியாக வந்தேன்.

டிரில் மாஸ்டர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பொட்டலில் விசில் சத்தம் கேட்கும். சுற்றுவட்டாரத்துப் பையன்கள் முப்பது நாற்பது பேர். கொத்தனார் மகன், சலவைக்காரர் மகன், சந்தையில் மூட்டை தூக்குபவர் மகன். பென்ஷன் பணத்தில் பந்து வாங்குவார். வருஷத்துக்கு ஒருவனையாவது பட்டாளத்திலோ போலீசிலோ ரயில்வேயிலோ சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ரஹீம் சாகிபுக்கு ஒரு நகரமே இருந்தது. எங்கள் சாருக்கு ஒரு பொட்டல்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் பேங்குக்கு வந்தார். கூட ஒரு பையன், கோல்கீப்பர், நல்ல உயரம். அரசுத் துறை ஒன்றின் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தை இங்கிலீஷில் பூர்த்தி செய்ய வேண்டும்.

"தம்பி, நீ எழுதினா பிழையில்லாம இருக்கும். எழுதி நீயே தபால்ல சேர்த்துரு. இவன் அப்பனுக்கும் எனக்கும் அந்தச் சமாசாரம் தெரியாது" என்றார்.

"இதென்ன சார், பெரிய வேலையா" என்று வாங்கி வைத்தேன். அன்றைக்கே பூர்த்தியும் செய்தேன். பையன் கையெழுத்தும் வாங்கினேன். தபால் தலை ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி. மேஜை டிராயரில் வைத்தேன்.

அந்தச் செப்டம்பர் மாதம் பேங்கில் வேலை நெருக்கடி. ராத்திரி பத்து மணி வரை லெட்ஜரில் கிடந்தோம். அக்டோபர் நடுவில் எதையோ தேடி டிராயரை இழுத்தபோது அந்த உறை கண்ணில் பட்டது. கடைசித் தேதி போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

சாரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். "சரிப்பா, வேலை நெருக்கடி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அதற்கப்புறம் பென்ஷன் வாங்க வந்தால்கூட என் மேஜைப் பக்கம் வரமாட்டார். கவுண்டரோடு போய்விடுவார். நான்கு வருஷம் கழித்து இறந்துபோனார். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். செய்தி வந்தது. போகவில்லை.

அந்தப் பையன் இப்போது அறுபதைத் தொடுகிறார். ஊரில்தான் டீக்கடை வைத்திருக்கிறார். நான் ஓய்வு பெற்று வந்ததிலிருந்து காலையில் அங்கேதான் டீ. "சாருடைய பழைய மாணவர்" என்று என்னிடம் காசு வாங்க மாட்டார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, தனக்குத்தான் இடம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். சார் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

படத்தில் ரஹீம் பையன்களைத் தேடிப் போகும் இடம் வந்தபோது பேரன் என்னைப் பார்த்து, "என்னய்யா, கண்ணு கலங்குது?" என்றான். நான் எழுந்து முகப்புக்குப் போய்விட்டேன். பலராமுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்தாரே, அது எவ்வளவு பெரிய தொகையாக இருந்துவிடப் போகிறது? என்னிடம் கேட்டது ஒரு தபால் தலை.

மறுநாள் காலையில் கடைக்குப் போய், கூட்டம் குறையும் வரை காத்திருந்து, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருஷத்துக் கதை, சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. "எடுத்திருப்பாங்கன்னு என்ன நிச்சயம்ணே" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது வழக்கம்போல டம்ளரை வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பத்து ரூபாயையும் நீட்டினேன்.

அன்று வாங்கிக்கொண்டார்.

அது நியாயம்தான். மறுநாளும் போனேன். மறுநாளும் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அவராகவே, "ஞாயித்துக்கிழமை பயலுக பொட்டலுக்கு வாரானுக. எனக்குக் கடையை விட்டு அஞ்சு மணிக்கு வர முடியல. நீங்க சும்மா இருக்கற நேரத்துல வந்து விசில் ஊதலாம்ல?" என்றார். சார் விட்ட இடத்திலிருந்து அவர்தான் இத்தனை வருஷமும் பையன்களைச் சேர்த்து ஆட வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

மூன்று ஞாயிறு போயாகிவிட்டது. எனக்கு ஓட முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது. நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிறேன். போன வாரம் இடது கால் ஆட்டம் வைத்தோம். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் விழுந்தார்கள். சார் சொன்ன மாமியார் வீட்டு வசனத்தைச் சொன்னேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு பையன் இந்த வருஷம் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் அனுப்ப வேண்டுமாம். பேரனைப் போனில் கூப்பிட்டு, அவன் சொல்லச் சொல்லப் பூர்த்தி செய்தோம். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பையனிடம் கொடுத்தேன். இன்னொன்றை டீக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைத்தான் முதலில் பார்த்தார்.

ஊரில் இருக்கும் நண்பர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொட்டல் பக்கம் வாருங்கள். வீட்டுப் பரணில் பேரப்பிள்ளைகள் விட்டுப்போன பூட்ஸ், பந்து எது கிடந்தாலும் கொண்டுவாருங்கள். அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பலராம் போட்டதும் யாரோ கழித்துப் போட்ட பூட்ஸ்தான்.